ஹேவ்லாக் தீவில் குடியேற்றம்: பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலிருந்து அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு நாங்கள் வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு டைவிங் கடையில் கணக்கு வேலை. வரும்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இரண்டு பேரையும் மதுரையிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தோம்.

"தீவுல பிள்ளைங்க படிப்புக்கு என்னங்க பண்றீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். படிப்பு எங்களைக் கஷ்டப்படுத்தவே இல்லை. உயிரை வாங்கியது காகிதமும் படகும்தான். எதை எந்த வரிசையில் செய்வது என்று சொல்ல ஆளில்லாமல் ஒரே வேலைக்கு மூன்று தடவை கடல் தாண்டியிருக்கிறோம். வரிசை முன்பே தெரிந்திருந்தால் முக்கால்வாசி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 கடைசியிலிருந்து ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் சுவராஜ் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஜெட்டியில் நிற்பவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். படிவங்களில் மட்டும் புதுப் பெயரை எழுதி, பின்கோடு 744211 போடுங்கள். இந்தியர்கள் ஹேவ்லாக் வரவும் தங்கவும் தனி அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. நிக்கோபார் பக்கம் அப்படியில்லை, அங்கே பழங்குடிப் பகுதி அனுமதி வேண்டும்.

1. சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்திருக்கட்டும்

மாமனார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை "இது சட்டப்படி தப்பில்லையா" என்று கேட்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் கிடையாது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. அந்த நடுப்பகுதியில்தான் நாம் இருக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டே இறங்குங்கள்.

இதே சட்டத்தில் நமக்கு உதவும் ஒரு பிரிவும் இருக்கிறது. பள்ளிக்கே போகாத, அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அதாவது எட்டாம் வகுப்பு வரை, வீட்டுப் படிப்பு சரிப்படவில்லை என்றால் அரசுப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஹேவ்லாக்கில் கோவிந்த நகரில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அந்தமான் அரசுப் பள்ளிகளில் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். எங்கள் மாமியாருக்கு இந்த ஒரு தகவலைச் சொன்ன பிறகுதான் அவருக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

2. பள்ளியிலிருந்து முறையாக விடுவித்துக்கொள்ளுங்கள்

நாங்கள் செய்த முதல் தப்பு இதில்தான். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினோமே தவிர டி.சி. வாங்கவில்லை. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஹேவ்லாக் வந்து எட்டு மாதம் கழித்து ஓர் ஆசிரியை போன் செய்தார். "மேடம், பாப்பா இப்ப எந்த ஸ்கூல்ல படிக்குது? எமிஸ்ல இன்னும் எங்க பேர்லயே நிக்குது. இடைநின்ற பிள்ளைன்னு காட்டுது. நான் பதில் சொல்லணும்." அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கேள்வி மேலே இருந்து வருகிறது.

எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு, அதில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. டி.சி. கொடுக்கும்போது பள்ளி அந்த எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் "காமன் பூல்" என்பார்கள், கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள். மாற்றாமல் விட்டால் நாளை வேறு பள்ளியில் சேர்க்கும்போதும் தகராறு.

பள்ளியில் கேட்டு வாங்க வேண்டியவை:

- டி.சி. அசல், கூடவே மூன்று நகல்
- கடைசியாகப் படித்த வகுப்பின் மதிப்பெண் பட்டியல்
- எமிஸ் எண், மத்திய அரசின் யூடைஸ் பதிவில் உள்ள பென் எண், இரண்டும் எழுதிய ஒரு தாள்
- எமிஸ் மாற்றப்பட்டதற்குத் திரையைப் படம்பிடித்த நகல்

டி.சி.யில் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் வெளிமாநிலம் குடிபெயர்வு" என்று எழுதச் சொல்லுங்கள். உண்மையும் அதுதான். "வீட்டுக்கல்வி" என்று எழுதினால் அதைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கியதும் பெயர் எழுத்து, பிறந்த தேதி இரண்டையும் அங்கேயே நின்று பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிழையைக் கரையில் திருத்த ஒரு நாள் போதும். தீவிலிருந்து திருத்த நினைத்தால் ஒரு பயணம்.

இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் நல்லது. ஜூன் பள்ளி திறக்கும் நேரத்தில் அலுவலக அறைக்குள் நுழையவே முடியாது.

3. கரையிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

எங்கள் அனுபவத்தில் கிடைத்த ஒரே விதி: கவுண்டரில் நின்று செய்ய வேண்டிய எந்த வேலையையும் கப்பல் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

பிள்ளைகளின் ஆதார் முதலில். ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயது ஆனதும் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை கைரேகை, கருவிழி பதிய வேண்டும். மகனுக்கு ஆறு வயது ஆகியும் நாங்கள் இதைச் செய்யவில்லை. தீவில் முகாம் போடுவார்கள் என்று காத்திருந்தோம், கடைசியில் அவனைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேர் போனோம். பதிவு செய்ய ஆனது பத்து நிமிடம். திரும்பும் அன்று காற்று, படகு ரத்து. இரண்டு ராத்திரி லாட்ஜ் வாடகை, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய். மதுரையில் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மையம் இருந்தது.

மற்றவை சுருக்கமாக:

- பிறப்புச் சான்றிதழ்: பெயர் சேர்த்தது, கியூஆர் குறியீடு உள்ளது. பெயர் இல்லாத பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உடனே பெயர் சேர்த்துவிடுங்கள்.
- சாதிச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு. தமிழ்நாட்டில் வாங்கியதுதான் உங்களுக்குச் செல்லும்.
- தடுப்பூசி அட்டை. நகல் எடுத்து, அசலை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.
- கேஸ் இணைப்பு: சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைத்து மாற்றச் சீட்டு வாங்குங்கள். தீவில் புது இணைப்புக்கு அலைவதைவிட இது லேசு.
- டி.என். வண்டியைக் கொண்டுவருவதானால் ஆர்.டி.ஓ. தடையின்மைச் சான்று. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். நாங்கள் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு இங்கேயே ஒன்று வாங்கினோம். வருத்தமில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டுவிடுங்கள். காகிதக் கோப்பை மூடும்போது உள்ளே நாலைந்து சிலிக்கா பொட்டலம் போடுங்கள். இங்கே ஆடி மாதம் வந்தால் பெல்ட் மேல் பூஞ்சை பூக்கிறது, காகிதம் எம்மாத்திரம்.

4. வீடு: மழையில் போய்ப் பாருங்கள்

ஒருவர் மட்டும் ஜூலை அல்லது ஆகஸ்டில் வந்து வீடு பார்ப்பது நல்லது. இரண்டு காரணம். ஒன்று, சுற்றுலாப் பருவம் இல்லாததால் வீட்டுக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள், அக்டோபருக்கு மேல் அதே அறைக்கு வாடகை ஏறும். இரண்டு, எந்தக் கூரை ஒழுகும், எந்த வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது மழையில்தான் தெரியும். நாங்கள் பிப்ரவரியில் பார்த்து மயங்கிய முதல் வீட்டின் சமையலறையில் ஜூனில் தவளை குடியிருந்தது. மகனுக்கு ஒரே சந்தோஷம்.

ஜெட்டியும் கடைவீதியும் கோவிந்த நகர் பக்கம். ஆஸ்பத்திரி, தபால் நிலையம், காய்கறி எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமென்றால் அங்கேயே பாருங்கள். விஜய நகர் கொஞ்சம் அமைதி. ராதாநகர் அழகுதான், ஆனால் தீவின் மறுகோடி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டாம்.

பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்களின் தோட்டத்துக்குள் பின்கட்டு வீடுகள்தான் கிடைக்கும். இரண்டு அறை, சமையலறை, கிணறு என்று எங்கள் வீட்டுக்கு மாதம் பத்தாயிரம், முன்பணம் மூன்று மாத வாடகை. பேசும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: ஏப்ரலில் கிணற்றில் தண்ணீர் இருக்குமா, கரண்ட் மீட்டர் தனியா, பருவத்தில் காலி பண்ணச் சொல்வீர்களா. மூன்றாவதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டில் வாய்ப்பேச்சை நம்பி நவம்பரில் பெட்டியைத் தூக்கியிருக்கிறோம்.

ஒப்பந்தம் ஆனதும் வாடகைதாரர் விவரப் படிவத்தைத் தீவின் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஆதார் நகல், புகைப்படம் போதும். முத்திரையிட்ட நகலைப் பத்திரமாக வையுங்கள், முகவரிச் சான்று கேட்கும் இடங்களில் ஒப்பந்தத்தோடு இதையும் நீட்டலாம்.

5. கப்பலா, விமானமா

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டேகால் மணி நேரம். கப்பல் ஏறக்குறைய மூன்று நாள். நான்கு பேரும் பதினோரு பெட்டியும் என்பதால் நாங்கள் கப்பலில் வந்தோம். கப்பலை நடத்துவது அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை, அதன் சென்னை அலுவலகம் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில். மாதத்துக்குச் சில பயணங்கள்தான் இருக்கும். பங்க் என்ற பொதுப் படுக்கை ஆளுக்கு மூவாயிரத்துக்குள், கேபின் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சாப்பாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் இருந்தால் காசைப் பார்க்காமல் கேபின் எடுங்கள். பங்கில் நூற்றுக்கணக்கான பேர், ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார். எங்கள் மகள் இரண்டாம் நாள் மதியம்தான் எழுந்து உட்கார்ந்தாள். எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி மரப்பா, வறுத்த அவல் இவை மூன்றும்தான் எங்களைக் கரை சேர்த்தன. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் மேல்தளத்துக்குப் போனால் பறக்கும் மீன்கள் தெரியும், அதற்குள் தலைசுற்றல் நின்றிருந்தால்.

அறிவித்த தேதியில் கப்பல் புறப்படும் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் சரியில்லாமல் எங்கள் கப்பல் நான்கு நாள் தள்ளிப்போனது, அந்த நான்கு நாளும் சென்னையில் சித்தி வீட்டில் பெட்டிகளோடு. மதுரை வீட்டைக் காலி செய்யும் தேதிக்கும் கப்பல் தேதிக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. கடல் தூங்கும். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும், அப்புறம் செப்டம்பர் வரை மழையும் அலையும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் பயம்.

புத்தகங்களை மட்டும் ஒரு பார்சல் ஏஜென்சியில் போட்டோம். ஐந்து பெட்டியில் மூன்று பெட்டி ஏழு வாரம் கழித்து வந்தன, நனைந்து. கையோடு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தடித்த பாலித்தீன் உறை போட்டு, அதற்குள் புத்தகம்.

6. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு

கப்பல் ஹாடோ துறையில் நிற்கும். ஹேவ்லாக் போகும் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கிளம்பும். இரண்டும் வேறு வேறு இடம். பெட்டிகளோடு அன்றே தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓர் இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். அபர்தீன் பஜாரில் தமிழ்க் கடைகள் நிறைய. இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய், காய்ந்த மிளகாய் எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள். ஹேவ்லாக்கில் அரிசி கிடைக்கும், இட்லிக்கு ஆகாது.

அரசுப் படகு இரண்டரை மணி நேரம், டிக்கெட் சில நூறு. தனியார் விரைவுப் படகு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், ஆயிரத்துக்கு மேல். அரசுப் படகில் தீவுவாசி அட்டை உள்ளவர்களுக்கு ஒரு கட்டணம், நமக்கு வேறு கட்டணம். அந்த அட்டை வந்தவுடன் கிடைக்கும் சமாச்சாரம் இல்லை, பல வருடக் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், போலீஸ் படிவம் எல்லாவற்றையும் வருடவாரியாகச் சேர்த்துவையுங்கள். பின்னால் கேட்கும்போது அவைதான் பேசும்.

எந்தப் படகுக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், பிள்ளைகளுக்கும். கைபேசியில் படம் காட்டினால் சில நாள் விடுவார்கள், சில நாள் விடமாட்டார்கள்.

7. முதல் மாதம்

கரண்ட்: தீவில் டீசல் ஜெனரேட்டர் மின்சாரம்தான். போகும், வரும். இன்வர்ட்டரும் இரண்டு சோலார் விளக்கும் முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

இணையம்: 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். அந்தக் கேபிள் தொடும் தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று. பக்கத்து நீல் தீவை யோசித்துவிட்டு நாங்கள் ஹேவ்லாக்கைத் தேர்ந்தெடுக்க அதுவே பெரிய காரணம். என்றாலும் பாடத்தை இணையத்தை நம்பி வைக்காதீர்கள், புயல் மழையில் இரண்டு நாள் எதுவும் வராது. புறப்படும் முன்பே ஒரு டெராபைட் வட்டில் இவற்றை இறக்கிவிடுங்கள்: தமிழ்நாட்டுப் பாடநூல்கள், என்.சி.இ.ஆர்.டி. நூல்கள், இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா, ஸ்டோரிவீவர் தளத்தின் தமிழ்க் கதைப் புத்தகங்கள். எல்லாம் இலவசம்.

காசு: ஏடிஎம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பருவத்தில் பணம் தீர்ந்தும்போகும். வீட்டில் பத்தாயிரம் ரொக்கமாக இருக்கட்டும்.

காய்கறி: கப்பல் வராத வாரம் தக்காளி விலை கேட்காமலே திரும்பிவிடலாம். மீன், தேங்காய், வாழை, கீரை இவற்றுக்குப் பஞ்சமில்லை. முருங்கைக் குச்சி ஒன்று கொண்டுவந்து நட்டோம், இப்போது தெருவே பறிக்கிறது.

அக்கம்பக்கம்: பேச்சு வங்காளமும் இந்தியும்தான். வீட்டுக்கார அம்மாளை "மாஷி", அதாவது சித்தி, என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு கேட்காமலே வருகிறது. கோவிந்த நகர் பள்ளிக்கும் நாங்களாகவே ஒரு நாள் போய், பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள் என்று சொல்லி, டி.சி. நகலைக் காட்டிவிட்டு வந்தோம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஊரில் விசாரித்து வருவதைவிட நாமே போய்ச் சொல்வது மரியாதை. மாலையில் அந்தப் பிள்ளைகளோடுதான் கால்பந்து.

8. பாட நேரத்தைச் சூரியனிடம் விடுங்கள்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடிகாரம் இந்திய நேரம், சூரியன் பர்மா பக்கத்துச் சூரியன். காலை ஐந்து மணிக்குப் பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. மதுரைப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குப் பாடம் வைத்து, பதினொன்றுக்குள் வெக்கையில் எல்லாரும் எரிந்து விழுந்தோம்.

இப்போது ஐந்தரைக்குத் திண்ணையில் கணக்கு, தமிழ். எட்டுக்குச் சாப்பாடு. அப்புறம் கடல் எப்படியோ அப்படி. ஓத அட்டவணையை மகள்தான் சுவரில் எழுதுவாள், நீர் வற்றும் நேரம் காலையில் வந்தால் பாடம் பாறைக் குட்டைகளில். போன வாரம் ஒரு துறவி நண்டு தன் பழைய ஓட்டை விட்டுப் புதுசுக்குள் பின்பக்கமாக நுழைவதை மகன் முக்கால் மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். நுழைந்து, வெளியே வந்து, அளவு பார்த்து, மறுபடி நுழைந்தது. "நம்ம வீடு மாதிரியே மூணு தடவ மாறுதும்மா" என்றான். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

9. பத்தாம் வகுப்புக்கு: என்.ஐ.ஓ.எஸ்.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டுமே. பெரும்பாலான குடும்பங்கள் போகும் வழி மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி.

மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்விச் சான்றிதழ்கள் உண்டு. அவை அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகத்தான். நாங்கள் அதை விட்டுவிட்டோம், தேவையும் படவில்லை. 14 வயது நிறைந்தால் நேரே பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், படிக்கும் தகுதி இருக்கிறது என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். வயதுச் சான்று மட்டும் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழி இருக்க வேண்டும். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். சேர்க்கை ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. கட்டணம் சில ஆயிரம், தாமதமானால் அபராதம். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பத்து முடித்து இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பதை இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள், கல்லூரி வயது அதை ஒட்டித்தான் வரும்.

தீவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அறிவியல், ஓவியம் போன்ற பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அதற்கென்று தனியாக மையத்துக்குப் போக வேண்டும். எத்தனை செய்முறைப் பாடமோ அத்தனை கடல் பயணத்தைக் கணக்கில் சேர்த்துப் பாடம் தேர்ந்தெடுங்கள். அடுத்தது மையம். விண்ணப்பிக்கும்போது எந்த ஊர் மையம் என்று பார்க்காமல் அழுத்திவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. எங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தமிழ்நாட்டு மையத்தில் ஏப்ரல் தேர்வு என்று முடிவு செய்திருக்கிறோம். ஏப்ரலில் கடல் அமைதி, அம்மா வீடும் அங்கே. அக்டோபர் தேர்வை நம்பிப் படகு பிடிக்க எனக்குத் தைரியமில்லை.

10. உடம்பு, கடல், நிலநடுக்கம்

ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காய்ச்சல், வெட்டுக்காயம் அங்கேயே பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனை, அதாவது படகு. பல் வலி, கண்ணாடி, காது எல்லாவற்றையும் கரையிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்குக் கையிருப்பு வேண்டும்.

மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். கடற்கரைக்குப் போகும் முன் காலில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். டவலை விரித்துத்தான் உட்கார வேண்டும்.

முதலை விஷயம் விளையாட்டில்லை. 2010இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு சுற்றுலாப் பயணி உவர்நீர் முதலையிடம் உயிரைவிட்டார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்காதீர்கள். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காடு, இருட்டிய பிறகு எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

அந்தமான் நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலங்களில் ஒன்று. 2004 சுனாமியை இங்கே யாரும் மறக்கவில்லை. தரை பலமாக, நீண்ட நேரம் ஆடினால் சைரனுக்கோ போனுக்கோ காத்திருக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, வீட்டிலிருந்து எந்த வழி என்று நடந்தே காட்டிவிடுங்கள். நாங்கள் மாதம் ஒரு முறை நடப்போம், மேலே போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு இறங்குவோம்.

11. ஊருக்குப் போய்வரும்போது

முதல் தடவை விடுமுறைக்கு விமானத்தில் கிளம்பினோம். தாத்தாவுக்குக் காட்ட வேண்டுமென்று மகள் ஒரு வருடமாகச் சேர்த்த சிப்பி, சங்கு, உடைந்த பவளத் துண்டுகளைப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். பெட்டியைத் திரையில் பார்த்ததுமே திறக்கச் சொன்னார்கள். செத்த பவளமும் பல வகைச் சங்குகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, கரையில் கிடந்ததைப் பொறுக்கினாலும் அப்படித்தான். அபராதம் போடாமல் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், நல்லவர்கள். அவள் அழுதது விமானம் ஏறும் வரை நிற்கவில்லை.

இப்போது அவள் படம் வரைந்து, அளந்து, எங்கே எந்தத் தேதியில் பார்த்தாள் என்று எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வரும்போது வெள்ளைத்தாள் நோட்டாகப் பத்து வாங்கிவாருங்கள், இங்கே கோடு போட்டதுதான் கிடைக்கிறது.